செஸ் போட்டியில் நம்மைவிட ஐந்நூறு ரேட்டிங் (ஆட்டத் திறமைக்கான புள்ளி) அதிகமுள்ள ஆளோடு முதல் ரவுண்டு விழுந்தால் எப்படி ஆடுவது?

உங்களுக்கு முதல் டோர்னமென்ட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். தோற்றாலும் வெளியேறாமல் எல்லா ரவுண்டும் ஆடும் ஸ்விஸ் முறையில் ரேட்டிங் பட்டியலைப் பாதியாக வெட்டி மேல் பாதியைக் கீழ் பாதியோடு கோர்ப்பதால் முதல் ரவுண்டில் இப்படித்தான் விழும், உங்கள் தலையெழுத்து ஒன்றும் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். என் ரேட்டிங் 1510, எதிரே 2010 உள்ள ஒரு பையன், மீசைகூட முளைக்கவில்லை. பத்து மணி ஆட்டம் பதினொன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. இருபத்து மூன்றாவது நகர்த்தலில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவன் ராஜா பக்கம் ஓட்டை. சந்தோஷப்பட வேண்டியவன் பயந்தேன். இவ்வளவு ரேட்டிங் உள்ளவன் சும்மா சிப்பாய் விடுவானா, ஏதோ வைத்திருக்கிறான் என்று யானையை நகர்த்தி, ட்ரா கேட்டு, கடிகாரத்தைத் தட்டினேன். அவன் யோசிக்கவே இல்லை, சரி என்று கை குலுக்கிவிட்டான்.

வெளியே வந்து, "மக்களே, அந்த இடத்துல நீ என்ன பிளான் வெச்சிருந்தே?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாமா. நீங்க குதிரைய இ5 கட்டத்துல வெச்சிருந்தா நான் ரிசைன்."

அவனை அவன் அம்மா 1510கிட்ட ட்ராவா என்று வாசலிலேயே திட்டிக்கொண்டிருந்தார், அது வேறு கஷ்டமாக இருந்தது.

அரைப் புள்ளி கிடைத்ததே, ஏன் புலம்புகிறாய் என்று சிலர் கேட்பீர்கள். கணக்கு தெரிந்துதான் புலம்புகிறேன். வித்தியாசம் 500 ஆனாலும் ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) அதை 400 ஆகத்தான் எடுக்கும், அந்தக் கணக்குப்படி இந்த ஆட்டத்தில் நான் எடுப்பேன் என்று எதிர்பார்ப்பது 0.08 புள்ளி. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்த்ததுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கும் எண்ணான கே எனக்கு 20, ஆகவே ட்ராவுக்கு ரேட்டிங்கில் 8.4 ஏறியது, ஜெயித்திருந்தால் 18.4. பத்துப் புள்ளியை என் பயத்துக்குக் கொடுத்தேன். தோற்றிருந்தாலும் 1.6தான் போயிருக்கும்! நான் பெரிய ஆட்டக்காரன் என்று சொல்லவரவில்லை, அன்றைக்கே அடுத்த ரவுண்டில் 1430 உள்ளவரிடம் தோற்றேன்.

உங்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஜோடிப் பட்டியல் ஒட்டும்போது பலகை எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய் உட்காருங்கள். நான் இன்னமும் ரேட்டிங்கையும் பார்த்துத் தொலைக்கிறேன்.