எதில் சிக்கனம், எதில் கூடாது?

கேள்வி: விளையாட்டுகளுக்காக என் மகனுக்கு முதன்முதலாக ஒரு கணினியைப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கவிருக்கிறோம். கையில் இருக்கும் பணம் குறைவு. எதில் மிச்சம் பிடிக்கலாம்?
– வாசகர், மதுரை

பதில்: பணத்தில் பெரும்பங்கு, திரையில் தெரியும் காட்சிகளை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கே போகட்டும்; 1080பி (ஃபுல் எச்டி) திரைக்கு ரைசன் 5 5600 போன்ற, 6 கோர்கள் கொண்ட பிராசஸரே போதும். ஆனால் இந்த 5600-இல் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால், கார்டைச் சில மாதங்கள் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினால் அதுவரை திரையில் எதுவுமே தெரியாது. காத்திருக்கத்தான் வேண்டும் என்றால், எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான் என்றாலும், உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கொண்ட 5600ஜி-யை வாங்குங்கள். ரேமை 8 ஜிபி ஸ்டிக் இரண்டாகப் போடுங்கள். வண்ண விளக்குகளைத் தாராளமாகத் தவிர்க்கலாம். கேபினெட்டோடு சேர்த்துத் தரப்படும் மலிவான பவர் சப்ளையை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அது பழுதாகும்போது மற்ற பாகங்களையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும்.