மின்னல் பாண்டியோட வலது கை ஏன் இவ்ளோ பெருசு?

ஓவியர் பதில்கள்

கேள்வி: அண்ணே, நான் செல்லூர்ல இருந்து ஃப்ரீலான்ஸா படம் வரையிற வேலை பாக்குறேன். பரணை ஒழிக்கும்போது நாலாங்கிளாஸ்ல வரைஞ்ச சூப்பர் ஹீரோ நோட்டு கிடைச்சுச்சு. சக்திமான், ஸ்பைடர்மேன், அப்புறம் நானே உண்டாக்குன 'மின்னல் பாண்டி', பச்சைத் துண்டைக் கழுத்துல கட்டிக்கிட்டு வைகைக்கு மேல பறக்குறவரு, வலது கை மட்டும் தலை சைஸுக்கு இருக்கு. இப்ப டேப்லெட்ல திரும்ப வரைஞ்சேன், அனாட்டமி (உடம்போட அளவு, அமைப்பு) எல்லாம் கரெக்ட்டு, ஆனா சப்புன்னு இருக்கு. ரெண்டு படமும் அனுப்பிருக்கேன், எங்க தப்பு?

பதில்: அனாட்டமி கரெக்ட்டா இருக்குறதுதான் தம்பி தப்பு. தலையை அளவுகோலா வச்சுப் பாத்தா சாதாரண ஆளோட உயரம் சுமாரா ஏழரைத் தலை, அமெரிக்க காமிக்ஸ் ஹீரோன்னா எட்டுத் தலை, அதுக்கு மேலயும் இழுத்துருவாய்ங்க, நாம எல்லாரும் அதைப் பாத்தே பழகுனதால கை தானா அங்க போயிருது. அந்த அளவுக்குள்ள அடைச்சதும் உங்க பாண்டி ஜிம்முக்குப் போற யாரோ ஒருத்தரா ஆயிட்டாரு. பழைய படத்துல ஆளு மொத்தமே மூணு தலை உயரந்தான், ஆனா அந்தக் கையப் பாருங்க, பால்பாயிண்ட்ல அழுத்தி அழுத்தி வரைஞ்சதுல பேப்பரே குழிஞ்சிருக்குறது போட்டோலயே தெரியுது. அடிக்கிற கை அது, அதான் பெருசு. எது முக்கியமோ அதைப் பெருசாக்குறது சின்னப்பிள்ளைங்க கணக்கு.

நம்ம மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துல அக்னி வீரபத்திரர் சிலை முன்னாடி போயி கொஞ்ச நேரம் நில்லுங்க. எந்தத் தோள்ல இருந்து எந்தக் கை கிளம்புதுன்னு ஒரு டாக்டர் கேட்டா பதில் சொல்ல முடியாது, ஆனா வேகம் குறையுதா? அங்கயே காளி சிலை மேல ஜனங்க வெண்ணெய் உருண்டை எறிஞ்சு கோவத்தை ஆத்துற வழக்கம் இருந்துச்சு, கல்லுக்குக் கோவம் வரும்னு நம்ப வச்சிட்டுப் போயிருக்கான் அந்த சிற்பி.

அதனால வெறும் பக்கத்துல ஆரம்பிக்காதீங்க. பழைய படத்தை ஸ்கேன் பண்ணி அடி லேயர்ல போட்டு, ஒபாசிட்டியைக் குறைச்சு மங்கலாக்கி, அது மேலயே வரைங்க. வெளிக்கோடு அப்படியே இருக்கட்டும், ரெண்டு பாதமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கே அதையும் தொடாதீங்க. இத்தனை வருசம் கத்துக்கிட்டதை எல்லாம் உள்ள காட்டுங்க, துண்டு காத்துல எப்படி மடியும், விரல் மூட்டு எப்படி புடைக்கும், கீழ வைகைல ஓடுறது தண்ணியா மணலா (மணலாத்தான் இருக்கும்). 1997-ல தூர்தர்ஷன்ல வந்த சக்திமானுக்கு டிரெஸ் மெரூன், உங்க நோட்டுல தக்காளிச் சிவப்பு, ஸ்கெட்ச் செட்ல மெரூன் இருந்திருக்காது. அந்தச் சிவப்பையே வைங்க.

எங்க செட்டுக்கு இந்த அனாட்டமி தொல்லையே இல்ல. 1972-ல சிவகாசில ஆரம்பிச்ச முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவின்னு ஒருத்தர், இங்கிலாந்து சரக்கு, கரண்ட் பாஞ்சா உடம்பு மறைஞ்சு இரும்புக்கை மட்டும் அந்தரத்துல மிதக்கும். ஒரே ஒரு கைய வரைஞ்சா போதும், ஹீரோ ரெடி! உங்க அப்பா அதைப் படிச்சவரான்னு கேட்டுப் பாருங்க, பாண்டியோட கைக்கு அந்த வழியில சொந்தம் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: என் பையன் வரைஞ்ச படமெல்லாம் மங்குது, லேமினேஷன் பண்ணிறலாமா? - வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. சூட்டுல ஒட்டுற பிளாஸ்டிக்கைப் பின்னால பிரிக்க முடியாது, அதுவும் போக ஸ்கெட்ச் பேனா மை வெளிச்சத்துல வெளுக்குறதை லேமினேஷன் நிறுத்தாது. முதல்ல 600 டிபிஐ-ல (ஸ்கேனரோட துல்லிய அளவு அது) ஸ்கேன் பண்ணுங்க, செலோ டேப் ஒட்டாதீங்க, அது மஞ்சளாகி பேப்பரையும் கெடுக்கும். அப்புறம் ஃபைல்ல போட்டு பீரோவுக்குள்ள வைங்க. பரண் மட்டும் வேணாம், நம்ம ஊரு வெக்கை ஒரு பக்கம், ராமபாணப் பூச்சி ஒரு பக்கம்.

கேள்வி: இப்படித் திரும்ப வரைஞ்ச படங்களை பிரிண்ட் போட்டு விக்கலாமா? - வாசகர், மேலூர்

பதில்: ஸ்பைடர்மேன் மார்வெலோட சொத்து, அஞ்சு வயசுல வரைஞ்சாலும் அம்பது வயசுல வரைஞ்சாலும் அதே கதைதான், பர்மிஷன் இல்லாம காசு பாக்காதீங்க. வீட்டுச் சுவத்துல மாட்டிக்கங்க. சொந்தமா உண்டாக்குன ஹீரோன்னா யாரையும் கேக்க வேணாம், வரைஞ்ச அன்னைக்கே காப்பிரைட் உங்களுக்குத்தான், ரிஜிஸ்டர் பண்ணாட்டியும் செல்லும், நம்ம சட்டப்படி ஆயுசுக்கும் அதுக்கப்புறம் 60 வருசமும் நிக்கும். ஆனா கல்யாண ஃப்ளெக்ஸ்ல மாப்பிள்ளை மூஞ்சியை உங்க ஹீரோ உடம்புல ஒட்டித் தாங்கன்னு எவனாவது வருவான், அவன்கிட்ட முன்பணம் வாங்காம பென்சிலைத் தொடாதீங்க.