படத்தில் கேட்ட கிட்டார் ஆல்பத்தில் எங்கே?

கேள்வி: ஒரு க்ரைம் படத்தின் கிட்டார் பின்னணி இசை பிடித்துப்போய் ஆல்பம் வாங்கினேன். பன்னிரண்டு டிராக்கில் இரண்டில்தான் அந்தக் கிட்டார், மிச்சமெல்லாம் பாட்டு. ஏன்?

பதில்: நீங்கள் வாங்கியது பாட்டுத் தொகுப்பு. ஒரே படத்தின் பெயரில் பாட்டுக்கு ஒன்று, ஸ்கோருக்கு (பின்னணி இசைக்கு) ஒன்று என இரண்டு ஆல்பம் வருவதுண்டு. அட்டையில் ‘இன்ஸ்பையர்டு பை’ என்று இருந்தால் படத்தில் ஒலிக்காத பாட்டும் உள்ளே இருக்கலாம். அட்டையை விடுங்கள், டிராக் பட்டியலைப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே இசையமைப்பாளர் பெயர், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிட நீளம், காட்சியைச் சொல்வதுபோன்ற தலைப்புகள் என்று இருந்தால் அது ஸ்கோர்.

சில படங்களில் தேடினாலும் கிடைக்காது. 1994இல் வந்த ‘பல்ப் ஃபிக்ஷன்’ படத்துக்கென்று தனியாகப் பின்னணி இசை அமைக்கப்படவே இல்லை. தொடக்கத்தில் அதிரும் கிட்டார், கிட்டார் கலைஞர் டிக் டேல் 1962இல் வெளியிட்ட ‘மிஸிர்லூ’. அப்படிப்பட்ட இடத்தில் படத்தின் பெயரை விட்டுவிட்டு, வாசித்தவரின் பெயரில் தேட வேண்டும்.

ஸ்கோரிலும் சுருக்கப் பதிப்பு, விரிவாக்கப் பதிப்பு என்று இருந்தால் தனியாக உட்கார்ந்து கேட்கச் சுருக்கமே மேல். நாற்பது விநாடித் துணுக்குகளை இசையமைப்பாளரே கோத்து, கேட்கும்படியான வரிசையில் வைத்திருப்பார். விரிவாக்கப் பதிப்பில் காட்சி வரிசைப்படி ஒரே நான்கு சுரம் ஏழெட்டு முறை திரும்பும். அது படத்தை மனப்பாடமாக அறிந்தவர்களுக்கானது.

கேள்வி: எல்பி இசைத்தட்டு வாங்கலாமா, சிடி போதுமா?

பதில்: இந்த வகை இசைக்கு சிடி. ட்ரெமலோ துடிப்போடு (ஒலி ஏறி இறங்கி நடுங்கும் விளைவு) ஒற்றைத் தந்தி தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் ஊசியின் கரகரப்பு துல்லியமாகக் கேட்கும். எல்பிதான் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 12 அங்குலத் தட்டில் 20 நிமிடம் வசதியான அளவு. 25ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி, ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். கரகரப்பு அந்த அளவுக்கு முன்னே வரும். இன்னொரு சிக்கல், தட்டின் உட்புறத்துக்குப் போகப் போக ஊசிக்கடியில் பள்ளம் ஓடும் வேகம் குறைவதால் ஒலி சிதையும். படத்தின் உச்சக்காட்சி இசை பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காருகிறது! 180 கிராம் என்பது தட்டின் எடை, ஒலித் தரம் அல்ல.

சிடியைவிட நுணுக்கமான 24 பிட் டிஜிட்டல் கோப்புக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கேட்பதற்குச் சிடியின் 16 பிட் தாராளம்.

கேள்வி: ஸ்பாட்டிஃபையில் கேட்டால் மெல்லிய டிராக் திடீரென்று பெரிதாகிறது. பதிவில் குறையா?

பதில்: இல்லை, ஷஃபிள் போட்டிருப்பீர்கள். ஆல்பத்தை வரிசையாக ஓட்டினால் மொத்தத்துக்கும் ஒரே அளவில் ஒலியைச் சரிசெய்யும். கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே இருக்கும். கலைத்துப் போட்டால் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே சமன்படுத்தும். ஷஃபிளை அணையுங்கள், ஒரு டிராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடைப் பூஜ்யமாக்குங்கள், ஒலி அளவை ‘லவுட்’டில் வைக்காதீர்கள், அதில் உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டர் புகுந்து மீட்டலின் கூர்மையை மழுக்கும். கீழ்த் தந்தியின் ஒலி மெலிந்து கேட்டால் பழியை ஸ்பீக்கர் மேல் போடுங்கள். சாதாரண சுருதியில் அந்தத் தந்தி 82 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது.

கேள்வி: டிவிடியோடு சேர்ந்து கிட்டார் வாசித்துப் பழகினேன். அதே இசை ஆல்பத்தில் சுருதி இறங்கியிருக்கிறது. போலியா?

பதில்: ஆல்பம் சரி, டிவிடிதான் வேகமாக ஓடுகிறது. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையிலான டிவிடியில் 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள். நான்கு சதவீதம் வேகம் கூடும், சுருதி ஒரு ஃபிரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் ஒரு கட்டத்துக்கு) சற்றுக் குறைவாக ஏறும். சில டிவிடிகளில் இதைத் திருத்தியிருப்பார்கள், உங்களுடையதில் இல்லை. கணினியில் ஓட்டும்போது வேகத்தை 0.96 ஆக்கி, வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பூட்டும் வசதியை அணைத்துவிட்டால் இரண்டும் ஒட்டும். ப்ளூ-ரேயில் 24 ஃபிரேம் அப்படியே இருந்தால் இந்தத் தொல்லையே வராது.