மீள்புதுப்பிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி வளங்களும் மீள்புதுப்பிக்க முடியாத சக்தி வளங்களும் ஆதியில் எங்கிருந்து வந்தவை? பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகக் கேட்கிறேன். – ஒரு தாய், மல்லாவி

பதில்: பிள்ளைக்குச் சொல்லுமுன் அந்த 'மீள்' என்பதைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள், அம்மா. 2009க்குப் பின்னர் வன்னியில் இந்த ஒட்டுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. மீள்குடியேற்றம், மீள்கட்டுமானம், மீளாய்வு என்று பெயர்ப்பலகை தோறும் ஏறி நின்றது போதாதென்று, இப்போது சக்தியின் தலையிலும் ஏறியிருக்கிறது. புதுப்பித்தல் என்றாலே பழையதை மறுபடி புதிதாக்குவதுதான். அதற்கும் ஒரு 'மீள்' சூட்டுவது, நள்ளிரவு நடுச்சாமம் என்பதைப் போன்றது. இதை முன்பொருமுறை இப்பக்கத்தில் எழுதியபோது, மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் மூன்று பக்கக் கடிதத்தில் என்னைத் திருத்த முனைந்தார். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நேற்று வீசிய சோளகத்தையா இன்று யாரோ புதுப்பித்து அனுப்புகிறார்கள்?

நேற்றைய காற்று போனது போனதுதான். ஆசியப் பெருநிலம் இந்து சமுத்திரத்தைவிட விரைவாகச் சூடேறுவதால் கடலிலிருந்து கரைநோக்கிப் புறப்படும் காற்றே சோளகம். ஆகவே, 2020 முதல் மன்னார்த்தீவில் சுழலும் 'தம்பபவனி' காற்றாலைகள் அரைப்பது வெயிலைத்தான். இரணைமடுவில் தேங்கும் நீரைக் கடலிலிருந்து ஆவியாக்கி மேலே தூக்கியதும், பாலை விறகுக்குள் எரிபொருளை இலைவழியே சேர்த்ததும் அதே வெயில்.

சரி, நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி? அதுவும் வெயில்தான், மிகப் பழைய வெயில். உலகின் பெரும் நிலக்கரிப் படிவுகள் பல, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் செழித்து, அழுகி முடியுமுன் மண்ணுள் புதைந்த காடுகளின் எச்சங்கள். பெற்றோலியமோ கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் அடித்தரைச் சேற்றில் அமிழ்ந்து, அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் திரியிட்டு, சொட்டுக் கணக்கில் மண்ணெண்ணெய் விட்டுப் படித்தோமே, அன்று நாம் சிக்கனம் பிடித்தது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல்வெயிலை. அது தீர்ந்தபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வானொலிக்கு உயிர் கொடுத்தோம். பெடலைச் சுற்றியவனுக்கு வலு தந்தது மத்தியானம் உண்ட சோறு. சோற்றுக்கு வலு தந்தது வயலில் காய்ந்த வெயில். செய்தி வாசிப்பவரின் குரலைவிடச் சுற்றியவன் வாங்கிய மூச்சே உரத்துக் கேட்டது என்பது வேறு கதை.

எனவே இவ்விரு வகைகளும் பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகள், வேறுபடுவது வயது. நிலக்கரியும் புதிதாக உருவாகத்தான் செய்யும். ஆனால் 2022 இல் எரிபொருள் வரிசையில் நாட்கணக்காக நின்ற நமக்கே, இந்த வரிசையில் சில கோடி ஆண்டுகள் நிற்கும் பொறுமை இராது.

அந்தத் தாயை அறியாத பிள்ளைகள் சிலரும் உண்டு. கடல் வற்றுப்பெருக்கின் விசை பெரிதும் சந்திரனின் ஈர்ப்பிலிருந்தும் பூமியின் சுழற்சியிலிருந்தும் வருகிறது. கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளைச் சூடாக்கும் நிலவெப்பத்தில் ஒரு பங்கு பூமி உருவான நாளிலிருந்து எஞ்சியது. மறுபங்கு யுரேனியம், தோரியம் போன்ற மூலகங்கள் சிதைவதால் பிறப்பது. அந்தத் தோரியம் நமக்கு மிக அருகில், புல்மோட்டைக் கனிம மணலின் மொனசைட்டிலேயே இருக்கிறது. சூரியன் தோன்றுமுன்பே வெடித்தும் மோதியும் அழிந்த விண்மீன்களில் வார்க்கப்பட்ட பொருள் அது. கொக்கிளாய்ப் பக்கம் போகும்போது பிள்ளைக்கு அந்தக் கரையைக் காட்டுங்கள். பாடநூலைவிட நன்றாக மனத்தில் பதியும்.

இனி அந்த அன்பருக்கு. சூரியன் தன் நடுவில் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசனை ஈலியமாக மாற்றி, அந்த வெப்பத்தில்தான் ஒளிர்கிறது. மாறிய ஐதரசன் திரும்பி வராது. இருப்பு இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குக் காணும். மீள்புதுப்பிக்கத்தக்கது என்று அவர் வாதாடிய காற்றும் நீரும் அண்டி வாழ்வது இப்படியொரு மீளாத இருப்பை. இதற்கு எந்த ஒட்டைப் பரிந்துரைக்கிறார் என்று அவர் எழுதலாம்; இம்முறை ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் பிரசுரிப்போம்.