ரூபி 3-க்கு மாறியதும் கீவேர்ட் ஆர்க்யுமென்ட் ஏன் போய்ச் சேரவில்லை?

கேள்வி: ரூபி நிரலாக்க மொழியின் 2.6 பதிப்பில் பிரச்சினை இல்லாமல் ஓடிய கோடு, 3-க்கு மாற்றியதும் "ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை தவறு, கொடுத்தது 2, எதிர்பார்த்தது 1" என்று விழுகிறது. ஒரு மெத்தடிலிருந்து இன்னொரு மெத்தடுக்கு கீவேர்ட் ஆர்க்யுமென்ட் (பெயரோடு சேர்த்துக் கொடுக்கும் மதிப்பு) அனுப்பும் இடத்தில்தான் வருகிறது. என்ன செய்வது?

கூப்பிடும் இடத்தில் தவறில்லை, கடைசியில் வாங்கும் மெத்தடிலும் இல்லை. நடுவில் வாங்கிக் கைமாற்றிவிடும் மெத்தடைத்தான் திருத்த வேண்டும்.

ரூபியில் மெத்தடுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அப்படியே ஒரு உதாரணம் சொல்கிறேன். அனுப்பு என்ற மெத்தட் ஒரு தலைப்பையும் தடவை என்ற கீவேர்டையும் வாங்குகிறது, தடவை கொடுக்காவிட்டால் 1. இன்னொரு மெத்தட் பதிந்து_அனுப்பு: *எல்லாம் என்று வாங்கி, லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, அனுப்பு(*எல்லாம்) என்று கொடுத்துவிடுகிறது. இப்போது நீங்கள் இப்படிக் கூப்பிடுகிறீர்கள்:

பதிந்து_அனுப்பு("ரசீது", தடவை: 3)

ஒற்றை நட்சத்திரம் போட்டு வாங்கினால் கிடைப்பது வெறும் அரே (மதிப்புகளின் வரிசை), அதற்குள் கீவேர்ட் என்று ஒன்று இருக்க முடியாது, அதனால் ரூபி தடவை: 3 என்பதை ஒரு ஹேஷ் (பெயர்-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) ஆக்கி அரேயின் கடைசியில் போட்டுவிடுகிறது. 2.7 வரை, அந்த அரேயைத் திரும்பப் பிரித்துக் கொடுக்கும்போது கடைசியில் இருக்கும் ஹேஷை ரூபியே கீவேர்டாக மாற்றிக்கொண்டது. 2020 டிசம்பர் 25 அன்று வந்த 3.0-இல் அந்த மாற்றம் நின்றுவிட்டது. இப்போது அந்த ஹேஷ் இரண்டாவது சாதாரண ஆர்க்யுமென்டாகப் போய் நிற்கிறது, அனுப்பு வாங்குவதோ ஒன்றுதான். அதுதான் உங்கள் பிழை.

திருத்தம் எளிது. நடு மெத்தட் *எல்லாம், **விருப்பங்கள் என்று இரண்டையும் வாங்கி, அனுப்பு(*எல்லாம், **விருப்பங்கள்) என்று இரண்டையும் கொடுக்க வேண்டும்; இரட்டை நட்சத்திரம்தான் கீவேர்டுகளைத் தனியே பிடிக்கும். பிளாக் (கூடவே கொடுக்கும் கோடுத் துண்டு) வருமென்றால் & போட்டு அதையும். எதையும் தொடாமல் கடத்துவது மட்டுமே வேலை என்றால், 2.7-இலிருந்து வெறும் மூன்று புள்ளி (...) போட்டு வாங்கி, அதையே கொடுத்துவிடலாம். 3.2 முதல் பெயரே இல்லாமல் * மற்றும் ** மட்டும் எழுதினாலும் போதும்.

உங்களுக்குப் பிழை வந்தது நல்லது, உண்மையாகவே சொல்கிறேன். எனக்கு வரவில்லை. நான் பார்த்த கோடில் உள்ளே இருந்த மெத்தட், தலைப்புக்குப் பிறகு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி என்று குறிப்பு என்ற ஆர்க்யுமென்ட் ஒன்றையும் வைத்திருந்தது. ரூபி 3 அந்த ஹேஷைச் சத்தமில்லாமல் குறிப்புக்குள் போட்டுவிட்டது, தடவை 1 ஆகவே நின்றது. மூன்று முறை முயல வேண்டிய குறுஞ்செய்தி ஒரே முறையோடு நின்றுபோனது, டெஸ்ட் எல்லாம் பச்சை, லாகிலும் ஒன்றும் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் ஒரு ஹேஷ் சேமிக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஆகவே பிழை வந்த இடத்தை மட்டும் திருத்திவிட்டு நிறுத்தாதீர்கள்.

இதை ஏன் மாற்றினார்கள் என்று எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பழைய முறையில் எதிர்ப்பக்கச் சிக்கல் இருந்தது: தரவாகவே ஒரு ஹேஷைக் கொடுக்க நினைத்தால், மெத்தடில் கீவேர்டும் இருந்தால், ரூபி சில சமயம் அதை கீவேர்ட் என்று பிடுங்கிக்கொள்ளும். ஊகம் போனது நல்லதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். தரவு ஹேஷை அப்படியே கொடுங்கள், கீவேர்டாகப் போக வேண்டியதற்கு ** போடுங்கள்.

முடிந்தால் 2.6-இலிருந்து நேராக 3-க்குத் தாவாமல் 2.7-இல் ஒரு முறை நின்று டெஸ்டுகளை ஓட்டுங்கள். பழைய மாற்றம் அங்கே வேலை செய்யும், கூடவே எச்சரிக்கையும் தரும், என்னைச் சுற்றவிட்ட அந்தச் சத்தமில்லாத வகைக்கும் சேர்த்து. 2.7.2 முதல் இந்த எச்சரிக்கைகள் தானாக வராது, டெப்ரிகேட்டட் (கைவிடப்படப்போகும் வசதிகள் பற்றிய) வகையை நீங்களே இயக்க வேண்டும். டெஸ்ட் தொடாத வரிகளுக்கு எச்சரிக்கையும் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம், எல்லா இடத்திலும் ** போட்டுக் கடத்துவது எனக்குப் பிடிக்காது. நடு மெத்தடுக்கு எது போகிறது என்று தெரியுமென்றால் தடவை: என்று பெயரையே எழுதுங்கள். 3.1-இலிருந்து, அதே பெயரில் மாறி இருந்தால் அனுப்பு(தலைப்பு, தடவை:) என்று மதிப்பைத் திரும்ப எழுதாமலே கொடுக்கலாம். எல்லாவற்றையும் ** கொண்டு வாங்கி அதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் மெத்தடிடம் யாராவது தடவை என்பதைத் தடவ என்று தவறாக அடித்தால், யாரும் குறை சொல்லாமலே அது காணாமல் போகும். பெயர் எழுதியிருந்தால் அந்த வரியிலேயே ரூபி நிறுத்தும்.

இன்றைக்கே தொடங்குவதென்றால், ஒற்றை நட்சத்திரம் இருந்து இரட்டை நட்சத்திரம் இல்லாத மெத்தடுகளைத் தேடுங்கள். மெத்தட் மிஸ்ஸிங் (இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் ஓடுவது) எழுதிய கிளாஸ்களையும், *எல்லாம் என்று வாங்கி சூப்பர் (தாய் கிளாஸின் அதே மெத்தட்) கூப்பிடும் இனிஷியலைஸ்களையும் முதலில் பாருங்கள்.