மகளைக் கால்பந்துக்கு அனுப்பலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, மதுரையிலிருந்து வேல்ஸின் கார்டிஃப் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை, ஒன்பது வயது மகளைப் பள்ளியில் "நன்றாக ஓடுகிறாள், கால்பந்து கிளப்பில் சேருங்கள்" என்கிறார்கள், படிப்பு கெட்டுவிடுமோ, பெண் பிள்ளைக்கு இதில் பிழைப்பு என்று ஒன்று உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, என் சின்னவளும் ஆடுகிறாள். சேர்த்துவிடுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பிழைப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்குத்தான் ஒரு வார்த்தையில் பதில் இல்லை. இந்த ஊர்ப் பெண் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெஸ் ஃபிஷ்லாக். 1987-ல் பிறந்தவர், வளர்ந்தது நம் ஊரின் கிழக்குப் பக்கம் இருக்கும் லான்ரம்னியில். வசதியான பகுதி இல்லை. சின்ன வயதில் ஒரு விடுமுறைக் கால்பந்து முகாமுக்குப் போனவர் அப்படியே கார்டிஃப் சிட்டி பெண்கள் அணியோடு ஒட்டிக்கொண்டார். 2006-ல், பத்தொன்பது வயதில், வேல்ஸ் அணிக்கு ஆடினார். இந்த நாட்டில் கால்பந்து ஆடும் பெண் அதற்கு மேல் எங்கே போவது? ஆனால் அதை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. அதனால் அவர் செய்தது நீங்களும் நானும் செய்ததுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் நெதர்லாந்தில் அல்க்மார், அங்கே லீக் பட்டம். அப்புறம் பிரிஸ்டல், பிறகு ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன். 2013-ல் அமெரிக்காவில் பெண்களுக்குப் புதிதாக ஒரு லீக் தொடங்கியபோது சியாட்டில் அணிக்குப் போனார். அந்த முதல் வருஷம் அந்த லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் என்ன தெரியுமா? ஒரு சீசனுக்கு 6,000 டாலர். மாதத்துக்கு இல்லை தம்பி, சீசனுக்கு. ஆட்டக்காரர்கள் பலர் ஊர்க்காரர்கள் வீட்டில் ஒரு அறையில் தங்கி ஆடினார்கள். ஃபிஷ்லாக் எவ்வளவு வாங்கினார் என்பது வேறு விஷயம், ஆனால் அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் சீசன் முடிகிற நேரத்தில் ஆஸ்திரேலியாவில் தொடங்கும், அது முடிந்தால் மறுபடி அமெரிக்கா. இடைவெளி கிடைத்தால் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ, ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட், இவையெல்லாம் லோன், அதாவது சொந்த அணி கொஞ்ச நாளைக்கு இன்னொரு அணிக்கு ஆட அனுப்புவது. நடவுக்கு ஒரு ஊர், அறுப்புக்கு ஒரு ஊர் என்று போவார்களே, அந்த மாதிரி. அப்படி லோனில் போன ஃபிராங்க்ஃபர்ட் அணி 2015-ல் ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையையே வென்றது. மெல்பர்னில் ஒரு சீசன் ஆடிக்கொண்டே பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்று ஆஸ்திரேலிய லீக் பட்டத்தையும் வாங்கிக் கொடுத்தார்.

2017-ல் வேல்ஸுக்காக 100-வது ஆட்டம் ஆடினார். ஆண், பெண் இரண்டு பக்கமும் சேர்த்து அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள் அவர்தான். ஆண்கள் அணியின் பெரிய நட்சத்திரம் கேரத் பேல் அங்கே வந்து சேர்ந்தது 2021-ல். நான் இதைச் சொன்னபோது என் அலுவலகத்து வெல்ஷ்காரர் ஒருவரே நம்பவில்லை, போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

2019-ல் முழங்கால் லிகமென்ட் அறுந்தது. முப்பத்திரண்டு வயது. இத்தோடு முடிந்தது என்று யார் நினைத்திருந்தாலும் தப்பில்லை. 2021-ல் அமெரிக்க லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது என்று பார்த்தால், இவருக்கு.

இவ்வளவு இருந்தும் வேல்ஸ் அணி மட்டும் ஒரு பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. 2022 அக்டோபரில் சூரிச்சில் சுவிட்சர்லாந்தோடு பிளே ஆஃப், ஜெயித்தால் உலகக் கோப்பை வாய்ப்பு உயிரோடு இருக்கும். கூடுதல் நேரமும் முடிந்து பெனால்டிக்குப் போகப் போகிறது என்று நினைத்த கடைசி நிமிஷத்தில் சுவிட்சர்லாந்து கோல் போட்டுவிட்டது. அன்று என் பெரியவள் டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போனவள் சாப்பிட வரவில்லை. பிறகு 2024 டிசம்பரில் டப்ளினில் அயர்லாந்தை வென்று ஒருவழியாக யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பைப் போட்டிக்குப் போனார்கள். 2025 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலனில் ஃபிரான்ஸோடு ஆட்டம், ஃபிரான்ஸ் ஏற்கனவே ஒரு கோல் போட்டுவிட்டது. ஃபிஷ்லாக் பந்தை உள்ளே தள்ளுகிறார், லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குகிறார், ஆஃப்சைடாம். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் வீடியோவில் பார்த்து "கோல்தான்" என்றார்கள் பாருங்கள், நான் தேநீரைக் கார்பெட்டில் கொட்டிவிட்டேன், அந்தக் கறை இன்னும் இருக்கிறது. பெரிய போட்டியில் வேல்ஸ் பெண்கள் அணியின் முதல் கோல் அது. அவருக்கு வயது 38, பெண்கள் யூரோவில் அந்த வயதில் அதற்கு முன் யாரும் கோல் போட்டதில்லை. ஆட்டம் என்னவோ 4-1 தோல்விதான், மூன்று ஆட்டத்திலும் தோல்வி. அந்த வருஷமே தேசிய அணியிலிருந்து விடைபெற்றுக்கொண்டார், வேல்ஸுக்காக அதிக ஆட்டம், அதிக கோல் இரண்டும் அவர் பெயரில் இருக்க.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் காலம் போல இப்போது இல்லை. இங்கிலாந்தின் பெண்கள் முதல் நிலை லீக் 2018-லிருந்து முழுநேரத் தொழில்முறை. வேல்ஸ் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சம ஊதியம் என்று 2023-ல் ஒப்பந்தமே போட்டார்கள். ஆனால் வேல்ஸுக்குள்ளேயே நடக்கிற அட்ரான் லீக்கில் ஆடும் பெண்களில் பலருக்கு இன்னும் பகலில் வேறு வேலை உண்டு, சாயங்காலம்தான் பயிற்சி. ஆகவே இதை மட்டும் நம்பிப் படிப்பை விடச் சொல்ல மாட்டேன், இங்கே எந்தப் பயிற்சியாளரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்பது வயதில் வாரத்துக்கு ஒரு மணிநேரப் பயிற்சி, வார இறுதியில் ஒரு ஆட்டம். இதனால் கணக்குப் பாடம் கெடாது.

ஊரிலிருந்து போனில் ஏதாவது சொல்வார்கள். வெயிலில் கறுத்துப் போவாள் என்றார் என் அத்தை. கார்டிஃபில் வெயில்! இன்னொரு பேச்சும் காதில் விழும், அங்கே பெண்ணைப் பெண்ணே விரும்புகிறவர்கள் இருக்கிறார்களாமே என்று. இருக்கிறார்கள், ஃபிஷ்லாக்கும் அப்படித்தான், மறைத்ததில்லை, அதற்காகப் பள்ளியில் பட்ட பாட்டையும் சொல்லியிருக்கிறார். 2018-ல் அவருக்கு எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதைக் கொடுத்தபோது கால்பந்தோடு அந்தச் சமூகத்துக்கு அவர் செய்ததையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். உங்கள் மகள் வளரும் ஊர் இது, அவளுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியாது.

பயிற்சி 3ஜி மைதானத்தில் என்பார்கள், போன் சிக்னல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், செயற்கைப் புல். அதிலிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் சாக்ஸ் வழியாக வாஷிங் மெஷினுக்கும் சோபாவுக்கும் வரும், வாசலிலேயே பூட்ஸைத் தட்டச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் பேட் கட்டாயம், இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். அப்புறம், வளருகிற பிள்ளை என்று பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள், நான் அப்படி வாங்கி முதல் ஆட்டத்திலேயே என் மகளின் பூட்ஸ் பந்துக்கு முன்னால் பறந்தது. சின்னவளின் பழைய ஜோடி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, சைஸ் 2. உங்கள் மகளுக்குச் சரியாக இருக்குமா என்று அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.