எண்ணெய் பாட்டிலில் 13 ரூபாய்

கேள்வி: 2025 செப்டம்பர் 22 முதல் தலைக்குத் தடவும் எண்ணெய்க்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமானது. எங்கள் கடைக்காரர் பழைய விலையேதான் வாங்கினார். சரியா?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: சரியில்லை அம்மா. செம்பூரில் எனக்கும் "புரானா மால்" என்றார்கள். பழைய சரக்காகவே இருக்கட்டும், விற்கிற நாளின் வரிதான் கணக்கு. 118 ரூபாய் பாட்டிலில் வரி மட்டும் 18, இப்போது 5. ஆக, 105 கொடுத்தால் போதும். பில்லில் வரி விகிதத்தைக் காட்டிக் கேட்டேன். பேனாவால் அடித்து, 13 ரூபாயை எண்ணித் தந்தார். ஜிஎஸ்டி பதிவில்லாத பெட்டிக்கடைக்காரர் பழைய வரியோடு வாங்கி வைத்திருப்பார், பாவம், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெரிய கடை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள், தமிழிலேயே பேசலாம்.